ஆறாவது கம்ப்யூட்டர்

அத்தியாயம் 7

கொலைக் குற்றத்துக்காக உள்ளே இருக்கும் மனிதர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"வீட்ல என் கம்ப்யூட்டரை யாராவது ஆஃப் பண்ணிட்டாங்களா?"

"சார், உங்க கழுத்துக்குக் கயிறு திரிச்சிக்கிட்டிருக்காங்க," என்றேன் நான். "கரண்ட் பில்லைப் பத்தி அப்புறமா கவலைப்படலாமே?"

பாஸ் என் காலை மிதித்தார். என் பாஸ் ஒரு பெண்மணி. ரயிலில் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பொய் சொல்லும் முகங்களையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தார். இங்கேயும் அதே முகங்கள்தான். என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு," என்றார் பாஸ். "உங்க மனைவி போன்ல சொன்னாங்க, யாரையும் தொட விடலையாம்."

கம்பிக்குப் பின்னால் அந்த மனிதர் கண்களை மூடிக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக். கைகளில் பதினொரு நாளாகியும் கிரீஸ் கறை போகவில்லை.

பதினொரு நாளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் மாடிப்படியில் ஒரு பெண் உருண்டு விழுந்து இறந்தாள். அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை செய்தவள். ஏழு பத்துக்கு தங்கைக்கு போன் செய்து, "ஒருத்தர் பேசணும்னு வந்து நிக்கறார், அப்புறம் கூப்பிடறேன்டி" என்றிருக்கிறாள். ஏழரைக்கு வாட்ச்மேன் உடலைப் பார்த்தார். யாரோ பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

அந்தக் கம்பெனிக்கு நம் மெக்கானிக் நாற்பத்து மூன்று புகார்க் கடிதங்கள் எழுதியிருந்தார். கடைசிக் கடிதத்தில், "உங்க பூட்டு ஒரு நாள் உங்க தலையிலேயே விழும்" என்று ஒரு வரி. போதாக்குறைக்கு அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிப்பதும் அவர்தான். அன்றைக்கென்று லிஃப்ட் ரிப்பேர். அதனால்தான் அவள் படியில் இறங்கினாள்.

"அந்த நேரத்துல ஒரு மணி நேரத் தொலைவில, வீட்ல கேம் விளையாடிக்கிட்டிருந்தேன்னு சொல்லியிருக்கீங்க," என்றார் பாஸ். "அந்த கேம் கம்பெனி சர்வரோட பேசிக்கிட்டே இருந்தாத்தான் ஓடுமாம். சர்வர்ல நீங்க விளையாடினதுக்குப் பதிவே இல்லை. அன்னிக்கு மட்டுமில்ல. பத்து மாசமா இல்லை."

"விளையாடிக்கிட்டுதான் இருந்தேன்."

"எப்படி?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லலைன்னா ஆயுள் தண்டனை."

"ஆகட்டும்," என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்ததும் நான் பொருமினேன். "பாஸ், ஊமைப் படத்துக்குக் கதாநாயகன் கிடைச்சாச்சு. இந்த ஆள் பொய் சொல்றாரா, உண்மை சொல்றாரா?"

"டிக்கெட் இல்லாதவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். டிக்கெட் எடுத்தவன்தான் பதறிப்போய்ப் பத்துப் பாக்கெட்டையும் தேடுவான்," என்றார் பாஸ். "இந்த ஆள் ரெண்டும் செய்யல. டிக்கெட்டை யாருக்காகவோ ஒளிச்சு வெச்சிருக்கார்."

* * *

மெக்கானிக்கின் மனைவி ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். நாங்கள் போனபோது அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். இரண்டு கையிலும் பை. தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கோடியில் இருந்த ஓர் அறையைக் காட்டினாள். கதவு சாத்தியிருந்தது.

"நீங்க போய்ப் பாருங்கக்கா. நான் வரலை."

"ஏன்மா?"

"அது எங்க பொண்ணோட ரூம். அவ போனதிலேருந்து நான் உள்ள போறதில்ல. அவர்தான் போவார். சனிக்கிழமை சாயங்காலம் போய்க் கதவைச் சாத்திக்குவார்."

ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்த பெண். போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தது, ஆறாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அவள் பைகளைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள்.

அறையில் சின்னக் கட்டில், பள்ளிக்கூடப் பை, மேஜைமேல் கம்ப்யூட்டர். திரையில் ஒரு கடற்கரை ஊர். கோணல்மாணலான வீடுகள், மஞ்சளும் ஊதாவுமாக. ஒரு குழந்தை கட்டியது என்று பார்த்தவுடனே தெரியும். கரையோரம் வரிசையாக விளக்குக் கம்பங்கள், எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. படித்துறையில் ஒரு ஆள் உருவம் தனியாக உட்கார்ந்திருந்தது.

நான் விளக்குகளை எண்ணினேன். முப்பத்தொன்பது.

அலமாரியில் அதே கேமின் அட்டைப்பெட்டிகள், ஒன்றுக்கு இரண்டாக. பக்கத்தில் அவர் எழுதிய கடிதங்களின் நகல் கட்டு. பாஸ் கட்டிலில் உட்கார்ந்து நாற்பத்து மூன்றையும் படித்தார். என்னையும் படிக்க வைத்தார்.

விஷயம் இதுதான். கள்ளப் பிரதி போடுகிறவர்களைத் தடுக்க, கம்பெனி அந்த கேமுக்குள் ஒரு பூட்டு வைத்திருந்தது. ஒரு பெட்டியை ஐந்து கம்ப்யூட்டரில்தான் ஏற்றலாம். மெக்கானிக்கிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. ஆனால் டிஸ்க் மாற்றினால் பூட்டுக்கு அது வேறு கம்ப்யூட்டர். மெமரி கூட்டினால் இன்னொன்று. மகள் செத்த மறு வாரம் மதர்போர்டு எரிந்துபோய்ப் புதிதாக மாற்றியபோது, கணக்கு ஆறாகிவிட்டது. பூட்டு விழுந்துவிட்டது. மகள் கட்டிய ஊர் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. உள்ளே போகத்தான் விடவில்லை. மனிதர் இன்னொரு பெட்டியும் வாங்கிப் பார்த்திருக்கிறார். புது எண்ணுக்குப் பழைய ஊர் திறக்காதாம்.

"டிக்கெட் ரெண்டு எடுத்திருக்கான், வண்டியில ஏத்தல," என்றார் பாஸ். "கள்ளப் பிரதி வெச்சிருக்கிறவன் ஜன்னலோர சீட்ல உக்காந்து போறான். இது என்ன பரிசோதனை?"

"பாஸ், கடைசிக் கடிதம் நாலு மாசத்துக்கு முந்தி. வாரம் ஒண்ணு ரெண்டுன்னு எழுதின மனுஷன் திடீர்னு நிறுத்திட்டார்."

"அதான் கேள்வி. அழுத பிள்ளை சும்மா இருந்தா பால் கிடைச்சிடுச்சுன்னு அர்த்தம். யார் கொடுத்தா?"

வாசலில் நிழல் ஆடியது. மனைவி நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தாள்.

"அக்கா, அவர் எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். ஆனா இனிமே முடியாது." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "நாலு மாசத்துக்கு முந்தி அந்தப் பொண்ணு இங்க வந்தா. செத்துப்போனாளே, அவளேதான். நாப்பத்து மூணாவது லெட்டரைப் படிச்சிட்டுத் தூங்க முடியலைன்னு சொன்னா. ஆபீஸ்காரங்க சோதிச்சுப் பாக்கறதுக்குன்னு பூட்டு இல்லாத பிரதி ஒண்ணு வெச்சிருப்பாங்களாம். அதை ஒரு பென் டிரைவ்ல கொண்டுவந்து போட்டுக் கொடுத்துட்டு, அந்த ஊரைப் பாத்துட்டு அழுதுட்டுப் போனா. யார்கிட்டயும் சொல்லாதீங்க, என் வேலை போயிடும்னா."

"இப்ப உயிரே போயிடுச்சே. அப்புறமும் உங்க வீட்டுக்காரர் ஏன் வாயைத் திறக்கலை?"

"நானும் அதான் கேட்டேன். எனக்குக் கதவைத் திறந்துவிட்டவளைத் திருடின்னு பேப்பர்ல போட வைக்கச் சொல்றியான்னு சண்டைக்கு வந்துட்டார்."

பாஸ் இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டார். எதிர்பார்த்த பதில்தான் வந்தது: "மேடம், அவன் கம்ப்யூட்டர்ல அவன் கடிகாரம். அவன் வெச்சதுதான் நேரம். வெளி சாட்சி வேணும்."

"வெளி சாட்சி ஒருத்தர் இருக்கலாம். ஆபீஸ் பிரதி வெளியே போச்சுன்னா யாருக்கு முதல்ல வயிறு எரியும்? அங்கே போறோம். நீங்களும் வாங்க," என்றார் பாஸ். "பேச வேண்டாம். உக்காந்து கேட்டா போதும்."

* * *

கேமுக்குப் பூட்டுச் செய்தவரை அந்தக் கம்பெனியில் எல்லோரும் 'பூட்டு சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்குப் பெருமை போலிருக்கிறது. அறைச் சுவர் முழுக்கப் பழைய இரும்புப் பூட்டுகளாக மாட்டி வைத்திருந்தார். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, எங்களைவிட மானிட்டரையே அதிகம் பார்க்கும் கண்கள். அவர் அறையிலிருந்து பத்தடியில் அந்தப் படிக்கட்டு. கீழே சாக்பீஸ் கோடு இன்னும் முழுதாக அழியவில்லை.

இன்ஸ்பெக்டர் மூலை நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"பூட்டு இல்லாத பிரதி ஏதாவது வெளியே போயிருக்குமா சார்?" என்றார் பாஸ்.

"சான்ஸே இல்ல. என் பூட்டை இதுவரைக்கும் எவனும் உடைச்சதில்ல."

"உடைக்க வேண்டாம். சாவி வெச்சிருக்கிறவங்க கொடுத்திருந்தா?"

"எங்க ஸ்டாஃப் அப்படிப்பட்டவங்க இல்ல."

"அது சரி," என்றேன் நான். "ஆனா உங்க ஸ்டாஃபுக்கே பூட்டு இல்லாத பிரதி தேவைப்படுதாமே? சமையல்காரரே வெளியே போய்ச் சாப்பிடற ஓட்டல் மாதிரி இருக்கே."

பூட்டு சார் என்னை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உங்களை மாதிரி ஆளுங்களுக்குப் புரியாது. பூட்டு இல்லேன்னா கம்பெனியே இல்ல. ஒண்ணு ரெண்டு பேருக்குக் கஷ்டம் இருக்கும். அதுக்காகக் கதவைத் திறந்து போட முடியுமா?"

பாஸ் திடீரென்று கட்சி மாறினார். "எனக்குப் புரியுது சார். அந்த மெக்கானிக் சரியான முரடன். விளையாட்டு வெறி. ஜெயிக்கணும், பெரிசாக் கட்டணும், எல்லாரையும் முந்தணும்கிற வெறி. அது முடியாமப் போனதுலதான் கொலை வரைக்கும் வந்திருக்கான்."

"வெறியா? அவனுக்கா?" பூட்டு சார் சிரித்தே விட்டார். "மேடம், அவன் விளையாடவே மாட்டான். ஒரு செங்கல் எடுத்து வெக்க மாட்டான். கரையோரம் இருக்கற விளக்கையெல்லாம் ஒண்ணொண்ணாப் போய் ஏத்துவான். ஏத்திட்டுப் படித்துறையில உக்காந்துக்குவான், மணிக்கணக்கா. இதுக்கா நாப்பத்து மூணு லெட்டர்?"

"அட பாவமே. எத்தனை விளக்கு?"

"முப்பத்தொன்பது."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கெட்டதுகூடத் தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தது.

பாஸ் எழுந்து நின்றார். ரயில் பெட்டியில் நிற்பதுபோலக் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு.

"சார், டிக்கெட்டைக் காட்டுங்க."

"என்ன?"

"அந்த ஊருக்குள்ள போய் விளக்கை எண்ணிட்டு வந்திருக்கீங்களே, எந்த வழியாப் போனீங்க?"

"அவன்... லெட்டர்ல எழுதியிருந்தான்."

"நாப்பத்து மூணையும் நானும் படிச்சேன், இவரும் படிச்சார். விளக்குன்னு ஒரு வார்த்தை கிடையாது. எப்படி இருக்கும்? பொண்ணு உயிரோட இருந்தவரைக்கும் அவதான் கட்டினா, அவர் பக்கத்துல உக்காந்து பாத்தார். அவ போன மறு வாரம் உங்க பூட்டு விழுந்துடுச்சு. தனியா உள்ள போய் விளக்கு ஏத்தினது எல்லாமே அதுக்கப்புறம், பூட்டில்லாத பிரதியில. வெளியே போகவே போகாதுன்னு சொன்னீங்களே, அந்தப் பிரதியில. அவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு செஞ்சதை அவர் மனைவியே பாத்ததில்ல. நீங்க எப்படிப் பாத்தீங்க?"

மூலையில் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

"சொல்லவா?" என்றார் பாஸ். "ஸ்டாஃப் பிரதியில பூட்டு இல்ல, ஆனா ஒற்றன் இருக்கான். யார் எப்ப என்ன செய்யறாங்கன்னு உங்களுக்கு மட்டும் ரகசியமாச் சொல்லிக்கிட்டிருக்கான். உங்க ஆளுங்களையே நம்பாம நீங்க வெச்சது. அப்படித்தானே பிரதி வெளியே போனது தெரிஞ்சுது? அப்படித்தானே அது யார்கிட்டேருந்து போச்சுன்னும் தெரிஞ்சுது?"

பூட்டு சாரின் வலது கை மட்டும் நகர்ந்தது. விசைப்பலகையை நோக்கி. முகம் எங்களைப் பார்த்தபடியே இருந்தது.

இந்தக் கேஸில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை இங்கேதான். மேஜைக்கு அடியில் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். மானிட்டர் இருண்டது. தலையில் மேஜை இடித்தது இன்னும் வலிக்கிறது.

"நன்றி," என்றார் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து. எட்டு வருஷப் பழக்கத்தில் முதல் தடவை.

மறுநாள் போலீஸ் நிபுணர்கள் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது எல்லாம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை ஆறு ஐம்பத்திரண்டுக்கு முதல் விளக்கு. ஏழு பத்துக்குப் பத்தொன்பதாவது. ஏழு முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்பதாவது. ஒவ்வொன்றையும் கையால் ஏற்றினால்தான் எரியும். மெக்கானிக் நிரபராதி என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே வெளி சாட்சியைப் பூட்டு சார் பதினொரு நாள் தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தார்.

ஆனால் அவர் உடைந்துபோனது அன்றைக்கே, அந்த அறையிலேயே.

"பத்து கம்பெனி என் பூட்டை வாங்கறதா இருந்துச்சு," என்றார். "கொடுத்ததை ஒத்துக்கோ, மன்னிப்பு எழுதிக் கொடுன்னு கேட்டேன். மாட்டேன்னா. 'சார், உங்க பூட்டு ஒரு திருடனையும் தடுக்கலை, ஒரு அப்பாவைத்தான் தடுத்துது. இன்னும் எட்டுப் பேருக்குக் கொடுத்திருக்கேன், நாளைக்கும் கொடுப்பேன்'னு சொல்லிட்டுப் படியில இறங்கினா. எனக்கு... கை போயிடுச்சு."

"கை போகலை. அது உங்ககிட்டயே இருக்கு," என்றார் பாஸ். "உயிர்தான் போச்சு."

* * *

கதை இங்கே முடிந்திருந்தால் நான் சந்தோஷமாக இரண்டு ஜோக் அடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

மெக்கானிக் வெளியே வந்த அன்று மாலை அவர் வீட்டில் இருந்தோம். எங்களோடு இன்ஸ்பெக்டரும் இருந்தார். அவர் கையில் ஒரு சாக்குத் துணி, அரக்கு, மெழுகுவர்த்தி.

"பூட்டு சார் கம்ப்யூட்டர்ல இருக்கற பதிவும் இதுவும் ஒத்துப்போகுதான்னு கோர்ட் கேக்குது," என்றார் யாரையும் பார்க்காமல். "இதை எடுத்துக்கிட்டுப் போயாகணும்."

"ஒரு காப்பி எடுத்துக் கொடுத்துட்டுப் போங்க சார்," என்றேன்.

"நானும் கேட்டேன்யா. கம்பெனி வக்கீல் எதிர்ப்புத் தெரிவிச்சிருக்கார். பூட்டில்லாத பிரதி அவங்க சொத்தாம், நகல் யாருக்கும் தரக் கூடாதாம். கேஸ் முடிஞ்சதும் இதுலேருந்தும் அழிச்சிடணுமாம். ஊரோட ஃபைலை வேணா எடுத்துக்கலாம். ஆனா அது எதுல திறக்கும்?"

எதிலும் திறக்காது. அலமாரியில் இரண்டு பெட்டிகள், இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை, இரண்டும் செத்த பெட்டிகள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வக்கீல் எதிரே நின்றிருந்தால் நானும் உள்ளே போயிருப்பேன். ஒருத்தி செத்தாள், ஒருவன் ஜெயிலுக்குப் போகிறான், பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

மெக்கானிக் ஆத்திரப்படவில்லை. "கேஸ் எத்தனை வருஷம் நடக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"அஞ்சு ஆறு ஆகலாம்."

"கொஞ்ச நேரம் கிடைக்குமா?"

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அவசரமில்லை."

மெக்கானிக் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். பதின்மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்த விளக்குகளைப் பார்த்தார். படித்துறையில் இருந்த உருவத்தை எழுப்பி, ஊருக்குள் மெதுவாக நடக்க வைத்தார். அந்த நாலு மாசத்தில் முதல் தடவையாக ஊர்ப் பக்கம் போகிறார் போலிருக்கிறது. ஒவ்வொரு சந்திலும் நின்று நின்று போனார்.

என் பின்னால் ஏதோ நகர்ந்தது. அவர் மனைவி. நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள்.

"இதுல நம்ம வீடு எதுங்க?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அங்கே அவளை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அந்த மஞ்சள் வீடு. நானும் அவளும் இருக்கறது."

"நான்?"

"உனக்குத் தனியாக் கட்டியிருக்கா. பக்கத்துல, ஊதா. கதவே வெக்கல பாரு."

"ஏன் வெக்கல?"

"நானும் கேட்டேன். அம்மா வரும்போது ரெண்டு கையிலயும் பை இருக்குமேப்பா, எப்படித் திறப்பாங்கன்னா."

பாஸ் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

ஏழு மணி சுமாருக்கு மெக்கானிக்கே கூப்பிட்டார்.

"நானே ஆஃப் பண்ணிக் கொடுக்கறேன் சார்."

பண்ணினார். கடல், ஊர், முப்பத்தொன்பது விளக்கு எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டன. இன்ஸ்பெக்டர் சாக்குத் துணியைச் சுற்றித் தைத்து, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். ஒரு போலீஸ்காரர் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தார். கடைசியாக வெளியே வந்தவன் நான். பழக்கத்தில் அறைக் கதவை இழுத்தேன்.

"அண்ணா," என்றாள் அவள் கட்டிலில் இருந்தபடியே. "அந்தக் கதவைச் சாத்தாதீங்க."